கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுகிறார்கள், பிறகு ஏன் ஒன்றாகச் சேர முடியவில்லை?

இந்தக் கேள்வியைப் பொழுதுபோக்குக்கு யாரும் கேட்பதில்லை. உங்கள் பக்கம் ஆர்.சி., நீங்கள் விரும்புகிறவர் பக்கம் மிஷன், அல்லது மறுதலையாக. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. என் ஊகம் சரியென்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரே நிர்வாகம், ஒரே பீடம் என்று நம் காலத்தில் சேரமாட்டார்கள். நற்கருணையில் அப்பமும் இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்க விசுவாசம். அப்புறம் பாப்பரசரின் அதிகாரம், மாதாவிடமும் புனிதர்களிடமும் மன்றாடுவது, இறந்தவர்களுக்காகச் செபிப்பது எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் புரட்டஸ்தாந்தர் பொதுவாக ஏற்பதில்லை. ஒன்றும் சின்ன விஷயமில்லை. இலங்கையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும் மற்றச் சில புரட்டஸ்தாந்து சபைகளும் தங்களுக்குள் சேர்வதற்கே வருடக்கணக்காகத் திட்டம் போட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் வழக்கு வந்து நின்றுபோனது. இதற்கு மேல் இறையியல் வேண்டுமென்றால் படித்தவர்கள் எழுதட்டும். நான் என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

நான் வன்னியில், ஏ-32 வீதிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் பிறந்தவன். அப்பா பரம்பரைக் கத்தோலிக்கர். அம்மா தெல்லிப்பழை. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வழியில் வந்து, பிறகு தென்னிந்திய திருச்சபையான குடும்பம். படிப்பிக்க வன்னிக்கு வந்த இடத்தில் 1979இல் அப்பாவைக் கட்டினார். ஊருக்கே அவர் 'ரீச்சர்'. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க அம்மா ஒத்துக்கொண்டார், தான் மட்டும் மாறவில்லை. மாறச் சொல்லி அப்பா ஒருநாளும் கேட்டதுமில்லை. முறைப்படி தண்ணீரால் திரித்துவத்தின் பெயரில் பெற்ற புரட்டஸ்தாந்து ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அம்மாவும் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்தான்.

சின்ன வயதில் எனக்குப் பெயர்கள்தான் குழப்பம். அப்பா சின்னப்பர் என்பார், அம்மா பவுல் என்பார். அப்பாவுக்கு இராயப்பர், அருளப்பர். அம்மாவுக்குப் பேதுரு, யோவான். அவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள் என்றே நினைத்திருந்தேன். இரண்டு பக்க அறிஞர்களும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. சமாதானக் காலத்தில், 2003இல், மடு மாதா கோயில் திருவிழாக் கடையில் அப்பா அதை வாங்கி வந்தார். அம்மா நிருபங்களின் பக்கத்தைப் புரட்டி, 'பவுல்' என்று அச்சாகியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "இஞ்சாருங்கோ, இனி எங்கட ஆள்தான் உங்கட ஆளும்."

மடு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், பூசையைத் தடுத்தார்கள். மாந்தையில் இருந்த மாதா சுரூபத்தை 1670இல் சனங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். மடு அப்படி வந்த இடம். ஒரு புரட்டஸ்தாந்து அரசுக்குப் பயந்து ஓடிய நினைவு எங்கள் ஊர்க்காரரின் எலும்பில் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா ஒல்லாந்தர் இல்லையே. ஒவ்வொரு ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கும் எங்களோடு வண்டி கட்டி வந்து, மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்துத் தந்த மனுசி.

யுத்தம் முடிந்த 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பின்னேரம் தண்ணீர் வரிசை முடிந்ததும் எங்கள் கொட்டிலின் முன்னால் சனம் கூடிச் செபிக்கும். யார் எந்தச் சபை என்று கேட்க அங்கே ஒருவருக்கும் மனமில்லை. முதல்நாள் கர்த்தர் கற்பித்த செபம் சொன்னபோது, "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும், ஆமென்" என்று நாங்கள் முடித்துவிட்டோம். அம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்ந்தார்கள். நாங்கள் பேசாமல் நின்றோம். இரண்டாம் நாள் ஆமென் சொல்லாமல் அவர்களுக்காகக் காத்திருந்தோம். ஒரு கிழமைக்குள் எல்லோரும் கடைசிவரை சேர்ந்தே சொன்னோம். ஒரு மகனைப் பறிகொடுத்த பக்கத்துக் கொட்டில் அம்மாவின் குரல்தான் அதில் பெரிதாகக் கேட்கும்.

அப்பா 2013இல் ஊரில் இறந்தார். சேமக்காலையில் அடக்கம் செய்தபோது பக்கத்தில் அம்மாவுக்கென்று இடம் விட்டோம். அப்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2018இல் அம்மா போனபோதுதான் பிரச்சினை வந்தது. பெட்டி வீட்டில் இருக்கிறது, நான் கோயிலடியில் நிற்கிறேன். சபையில் ஒரு பெரியவர் சொன்னார்: "ரீச்சர் நல்ல மனுசி. ஆனா சேமக்காலை கோயில் பிள்ளையளுக்கெல்லோ." சுவாமியிடம் போனேன். "மேலிடத்தில கேட்கவேணும் தம்பி, இண்டைக்குள்ள ஏலாது" என்றார். அந்தப் பெரியவரின் மூன்று பிள்ளைகளுக்கும் ஆனா ஆவன்னா படிப்பித்தது அம்மா.

முப்பது கிலோமீற்றருக்கு அப்பால், அம்மாவின் சபைக்காரர் அடக்கம் செய்யும் இடத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம். போதகர் ஐயா மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து எல்லாம் முறையாகச் செய்தார், அவரில் குறையில்லை.

சட்டம் தெரியாமல் பேசுகிறான் என்று யாரும் வரவேண்டாம், பிறகு தேடிப் படித்தேன். திருச்சபைச் சட்டம் 1183ஆம் பிரிவு, 3ஆம் பத்தி: ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் அல்லாதவருக்கும், அவருடைய சொந்தப் போதகர் கிடைக்காவிட்டால், ஆயரின் அனுமதியோடு கத்தோலிக்க அடக்கச் சடங்கே செய்யலாம். போதகர் கிடைத்தாரே, அது உனக்குப் பொருந்தாது என்பீர்கள். சரி, நான் சடங்கு கேட்கவில்லையே. செபத்தைப் போதகர் ஐயா சொல்லட்டும், அப்பாவுக்குப் பக்கத்தில் ஆறடி நிலம் தாருங்கள் என்றுதான் கேட்டேன். 1999 ஒக்டோபர் 31இல் அவுக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும், விசுவாசத்தால் நீதிமான் ஆவதைப் பற்றிய ஆதிச் சண்டையையே பேசித் தீர்த்துக் கையெழுத்து வைத்தார்கள். 2006இல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தார்கள். அந்தக் கையெழுத்தெல்லாம் எங்கள் சேமக்காலைப் படலை வரைக்கும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அம்மா போன அதே வருடம் வெளிநாட்டுக் காசில் எங்கள் கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழும்பியது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபா போதாமல், கதவு நிலை இல்லாத வீட்டில் சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்த விதவை கோயிலுக்குப் பின்வளவில்தான் இருந்தார். கோபுரத்துக்குக் காசு அனுப்பியவர்களுக்கு அந்தக் கதவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு அம்மாவிடம் போவேன். முதல் வருடம் அங்கே ஒரு வயதானவர் வந்து, "தம்பி, எங்கட ஆக்கள் இப்பிடிக் கொளுத்திறேல்ல, செத்தவைக்குச் செபிக்கிறதுமில்லை" என்றார். அவர் சொன்னது அவர்களின் விசுவாசம், அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். "செபிக்கேல்லை ஐயா. அப்பாவின்ரையில வெளிச்சம் இருக்கு, இது இருட்டாக் கிடக்கு" என்றேன். அவர் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் கொளுத்துகிறேன், ஒருவரும் தடுக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எந்தக் கோயிலில் தாலி, பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் என்பதையெல்லாம் இரண்டு வீட்டாரும் தாங்களாகவே பேசுவார்கள். அடக்கம் எங்கே என்பதை நீங்கள்தான் கேட்கவேண்டும். சுவாமியிடமும் போதகரிடமும் இப்போதே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா என்று திட்டுவார்கள். என் அப்பாவும் அம்மாவும் பேசாமல் விட்டது இந்த ஒன்றைத்தான்.