அடையில இருக்கற கோழியை துரத்திப் பிடிக்காதீங்க

கேள்வி: வணக்கம்ங்க சார், தாராபுரம் பக்கம் நம்ம தோட்டம், தென்னைக்குள்ள 14 நாட்டுக்கோழியும் ரெண்டு சேவலும் வளர்க்கறேன். ஒரு மாசமா யாரோடதுன்னே தெரியாத செவலைப் பொட்டைக்கோழி ஒண்ணு வந்து ஒட்டிக்கிச்சு. மொதல்ல ராத்திரியில சாளை வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற முருங்கையில ஏறித் தங்கும். இப்ப அஞ்சு நாளா மரத்துக்கே வர்றதில்ல, பகல்ல பதினோரு மணி வாக்குல ஒரே ஒரு தடவை வந்து அவசர அவசரமா பொறுக்கிட்டு றெக்கைய சிலுப்பிக்கிட்டு வேலிப்பக்கம் ஓடிருது. பசங்கள விட்டு ரெண்டு தடவை துரத்தினோம், சிக்கல. எப்படிப் பிடிக்கறது? நம்ம கோழிகளோட சேத்துவிடலாமா, இல்ல சந்தையில குடுத்துரலாமா?

பதில்: வணக்கம் தம்பி. மொதல்ல துரத்தறத நிறுத்துங்க. நீங்க எழுதினத படிச்சவுடனே எனக்குப் பட்டது இதுதான், அந்தக் கோழி வேலிக்குள்ள எங்கியோ முட்டை போட்டு அடை உக்காந்துருக்கு. மரத்துல தங்கிட்டிருந்த கோழி திடீர்னு ராத்திரி காணாம போறது, பகல்ல ஒரு தடவை மட்டும் வந்து காணாததக் கண்ட மாதிரி தின்னுட்டு ஓடறது, உடம்ப உப்பிக்கிட்டு சிலுப்பறது, எல்லாமே அடைகோழி லட்சணம். இன்னொண்ணும் பாருங்க, அது வந்து போன எடத்துல எச்சம் சாதாரண எச்சம் மாதிரி இல்லாம பெரிய உருண்டையா கெட்ட நாத்தத்தோட கெடக்கும், ஏன்னா அடைகோழி கூட்டுல எச்சம் போடாது, நாள் பூரா அடக்கி வெச்சு வெளிய வர்றப்ப ஒரே தடவையா போடும். அது கெடந்தா சந்தேகமே வேணாம்.

இப்ப துரத்தினா என்ன ஆகும்னா, ஒண்ணு அது பயந்துக்கிட்டு கூட்டுக்குத் திரும்பாது, முட்டை ஆறிப்போயி உள்ள இருக்கற கரு செத்துரும். தீனி திங்கற கால் மணி அரை மணி நேரம் ஆறினா முட்டைக்கு ஒண்ணும் ஆகாது, மணிக்கணக்குல ஆறினாத்தான் போச்சு. ரெண்டாவது வெயில் நேரத்துல கோழிய ஓட விடறதே தப்பு, அதுக்கு நம்மள மாதிரி வேர்க்காது, வாயப் பொளந்து மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளியேத்தணும், பத்து நிமிஷம் விரட்டி அப்படியே சுருண்டு விழுந்த கோழிய நானே பாத்துருக்கேன்.

கூட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். தினமும் அது வர்ற எடத்துல ஒரு கைப்பிடி கம்பும் கொஞ்சம் குருணையும் தட்டுல தண்ணியும் வெச்சுட்டு தள்ளி உக்காந்துருங்க. தின்னு முடிச்சதும் பின்னாடியே போகாதீங்க, நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சா நேரா கூட்டுக்குப் போகாது, சும்மா மேயற மாதிரி வேற திக்குல சுத்தி ஏமாத்தும். ஒருத்தர் சாளைத் திண்ணையில, இன்னொருத்தர் வேலியோரமா தென்னைக்குப் பின்னாடி, ரெண்டு பேரும் அசையாம இருந்தா ஒரு நாள்ல இல்லாட்டியும் மூணாம் நாள் எந்த எடத்துல நுழையுதுன்னு பிடிபட்டுரும். கிளுவை வேலி அடியில, ஓலை குவிச்ச எடத்துல, கல்லுக்கட்டு சந்துல, இப்படித்தான் இருக்கும். கண்டுபிடிச்சதும் தொட வேணாம், எடத்த மட்டும் அடையாளம் வெச்சுக்குங்க.

அங்கயே விட்டா கீரி, மரநாய், பாம்பு ஏதாவது ஒண்ணு பாத்துரும், அதனால எடம் மாத்தறதுதான் என் யோசனை. ஆனா இன்னைக்கே வேணாம். புதுசா அடை உக்காந்த கோழிய எடம் மாத்தினா அடை கலைஞ்சு எந்திரிச்சுப் போயிரும், ஒரு வாரம் தாண்டிட்டா முட்டைமேல பிடிப்பு வந்துரும், சுலபமா விட்டுட்டுப் போகாது. உங்க கணக்குப்படி அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் மூணு நாள் பொறுத்துக்கிட்டு எட்டாம் நாள் ராத்திரி பண்ணுங்க. நல்லா இருட்டினதுக்கு அப்புறம் போகணும், இருட்டுல கோழிக்கு சரியா கண்ணு தெரியாது, அசையாம உக்காந்துருக்கும். போன் டார்ச்சை அது மூஞ்சியில அடிக்காம தரையைப் பாத்து பிடிச்சுக்குங்க, பாம்பு இருக்கற எடம்ங்கறதால குச்சியில தட்டிப் பாத்து, செருப்புப் போட்டுக்கிட்டு, கூட ஒரு ஆளோட போங்க.

பழைய துண்டு ஒண்ண அதுமேல மெதுவா போத்தி மூடுங்க. அடுத்ததா நிறைய பேரு பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, வெடுக்குன்னு தூக்கிருவாங்க. அடைகோழி முட்டைய றெக்கைக்கு அடியில இடுக்கி வெச்சிருக்கும், தூக்கறப்ப அதுல ஒண்ணு ரெண்டு கூடவே வந்து கீழ விழுந்து உடையும். அதனால ஒரு கைய நெஞ்சுக்கு அடியில கொண்டுபோயி ரெண்டு பக்கமும் றெக்கையடியத் தடவிப் பாத்து முட்டைய விடுவிச்சுட்டு அப்புறம் தூக்கணும். உள்ளங்கை நெஞ்செலும்புக்கு அடியில, நடுவிரல் ரெண்டு காலுக்கும் எடையில, இன்னொரு கை றெக்கைய உடம்போட சேத்து அணைச்சு, அவ்வளவுதான். கொத்தும், கொத்தட்டும், கைய விட்டுராதீங்க. காலப் பிடிச்சு தலைகீழா தொங்கவிட்டுக்கிட்டு வராதீங்க தம்பி, நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் தூக்கறாங்கன்னு எனக்கும் தெரியும், ஆனா கோழிக்கு நமக்கு இருக்கற மாதிரி நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தடுப்பு கிடையாது, தலைகீழா தொங்கினா குடல் பாரமெல்லாம் மூச்சுக்காத்துப் பை மேல இறங்கி மூச்சுத் திணறும்.

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில கோழி, வைக்கோல் போட்ட கூடையில முட்டை, தனித்தனியா கொண்டு போங்க. புது எடத்த முன்னாடியே தயார் பண்ணி வெச்சிருக்கணும், மண்ணு பரப்பி மேல வைக்கோல் போட்டு நடுவுல குழிச்சு, முட்டைய அடுக்கி, கோழிய மேல உக்கார வெச்சு கொடாப்பைப் (கோழிய கவுத்து மூடற கூடை) போட்டு சாக்கால மூடிருங்க. முட்டைய அடுக்கறப்ப ஒவ்வொண்ணா டார்ச்சுல வெச்சுப் பாருங்க, எட்டு நாள் அடைகாத்த முட்டைக்குள்ள சிலந்தி மாதிரி செவப்பு நரம்பு ஓடும், ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா அது கூமுட்டை, எடுத்துரலாம். ஒரு மாசமா உங்க தோட்டத்துல திரிஞ்ச கோழிங்கறதால பெரும்பாலும் உங்க சேவலோட கருவாத்தான் இருக்கும். மறுநாள் காலையில சாக்க எடுத்து, கொஞ்ச நேரம் தீனி தண்ணி காட்டி, எச்சம் போட விட்டு, அது தானா திரும்பி உக்காருதான்னு பாருங்க.

இந்த எடம் உங்க கோழிகள விட்டு குறைஞ்சது 30 அடியாவது தள்ளி இருக்கணும், இத நான் கெஞ்சியே கேக்கறேன். பல வருஷத்துக்கு முன்னாடி சந்தையில வாங்கின ரெண்டு கோழிய அன்னைக்கே எங்க வீட்டுக் கூட்டத்தோட விட்டேன், பத்து நாளைக்குள்ள வெள்ளையும் பச்சையுமா கழிய ஆரம்பிச்சு, கழுத்து முறுக்கிக்கிட்டு, இருந்த 22 கோழியில மூணுதான் மிஞ்சுச்சு. வெள்ளைக் கழிச்சல், ராணிக்கெட். அந்தக் கிருமி உடம்புக்குள்ள போயி நோய் தெரிய பெரும்பாலும் அஞ்சாறு நாள், சில சமயம் பதினஞ்சு நாள் வரைக்கும் ஆகும், அதனாலதான் வெளியிலிருந்து வர்ற கோழிய 21 நாளாவது, முடிஞ்சா ஒரு மாசம், தனியா வைக்கச் சொல்றோம். அது ஒரு மாசமா உங்க தோட்டத்துல நோயில்லாம திரிஞ்சது நல்ல சேதிதான், இருந்தாலும் பேன், செள்ளு, குடல்புழு எல்லாம் வெளிய தெரியாம இருக்கும். உங்க கோழிகளுக்கு மொதல்ல தீனி வெச்சுட்டு கடைசியா இதுக்கிட்ட போங்க, வந்ததும் கைகால் கழுவிருங்க, தட்டு தண்ணிச்சட்டி எதையும் மாத்திப் பயன்படுத்தாதீங்க.

கையில இருக்கறப்பவே றெக்கையடியும் ஆசனவாய்ச் சுத்தியும் இறகைப் பிரிச்சுப் பாருங்க, இறகோட அடியில வெள்ளையா பொடி ஒட்டின மாதிரி இருந்தா அது பேன்முட்டை. கால் செதில் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு இருந்தா சொறி, வேப்பெண்ணெய் தடவிட்டு வந்தா சரியாகும். அடையில இருக்கறப்ப மருந்து எதையும் நீங்களா குடுத்துராதீங்க, முட்டை பொரிஞ்சதுக்கு அப்புறம் கால்நடை மருந்தகத்துல கேட்டு பூச்சி மருந்து குடுங்க. உங்க 14 கோழிக்கும் சேவலுக்கும் கழிச்சல் ஊசி போட்டு நாளாச்சுன்னா இந்த வாரமே போட்டுருங்க, வருஷா வருஷம் பிப்ரவரியில அரசு முகாம் நடக்கும்னாலும் அதுவரைக்கும் காத்திருக்க வேணாம், எட்டு வாரம் தாண்டின கோழிக்கு றெக்கையடியில போடற ஊசி மருந்தகத்துல இலவசமாவே போடறாங்க.

சந்தை வேணவே வேணாம். அது யாரோ வளர்த்த கோழி, இப்படி தோட்டத்துல வந்து ஒட்டிக்கிற கோழிக்கு ஒரு வீடு இருந்துருக்கும். காலைப் பாருங்க, நூலோ கலர் துணியோ கட்டியிருக்காங்களா, நகத்த அடையாளமா வெட்டியிருக்காங்களான்னு, அக்கம்பக்கம் தோட்டத்துலயும் பால் சொசைட்டியிலயும் சொல்லி வைங்க. சாமிக்கு நேந்துவிட்டதான்னும் விசாரிங்க, நம்ம பக்கம் அப்படி விடறது உண்டு, தெரியாம நாம எடுத்துக்கிட்டா நாளைக்கு வருத்தம் வரும். யாரும் கேட்டு வரலைன்னா நீங்களே வெச்சுக்குங்க, இல்ல ஊசி போட்டு ஒழுங்கா வளர்க்கற ஒருத்தருக்கு தாயையும் குஞ்சையும் சேத்தே குடுங்க, குஞ்சு இருக்கறப்ப தாயப் பிரிக்காதீங்க.

வெச்சுக்கறதுன்னா, குஞ்சு தாய விட்டுப் பிரியற வரைக்கும், ஒண்ணரை ரெண்டு மாசம், தனிக்கொடாப்புதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணுல மூக்குல விடற சொட்டு மருந்த மறந்துறாதீங்க. அதுக்கு அப்புறம் கொடாப்போட தூக்கி உங்க கோழிக மேயற எடத்துக்கு நடுவுல நாலு நாள் வைங்க, ஒண்ண ஒண்ணு பாத்துக்கும், கொத்திக்க முடியாது. அஞ்சாம் நாள் சாயங்காலம் கோழிக அடையற நேரத்துல தொறந்து விட்டா சண்டை கொஞ்சமாத்தான் இருக்கும்.

இன்னைக்கே பசங்ககிட்ட சொல்லிருங்க, துரத்தக்கூடாதுன்னு. நாளைக்கு பதினோரு மணிக்கு கம்பும் தண்ணியும் வெச்சுட்டு திண்ணையில உக்காருங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு எழுதுங்க.