கப்பலால் இறங்கிய பிறகு: பஸ்ஸா, ரயிலா, வானா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவைச் சுற்றுலாக் கப்பலில் கூட்டிப்போகிறார்கள். நல்ல காரியம். கப்பலையும் அறையையும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். இறங்கிய பிறகு அடுத்த ஊருக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் கடைசி வாரத்துக்கு விட்டுவிடுகிறார்கள். வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மகன் ரொறொன்ரோவில் இருக்கிறான். எங்களை அலாஸ்கா கப்பலுக்குக் கூட்டிப்போகிறான். கப்பல் வான்கூவரில் முடிகிறது. மலிவாகக் கிடைத்ததால் திரும்பும் விமானத்தைச் சியாட்டிலில் இருந்து அதே நாள் பகல் 1 மணிக்கு எடுத்துவிட்டோம். பஸ்ஸில் நாலு மணித்தியாலம் என்கிறார்கள். சரிவருமா? (கல்முனை)

சரிவராது. டிக்கெட்டை மாற்றுங்கள்.

கப்பல் கரைக்கு வருவது வேறு, நீங்கள் தெருவுக்கு வருவது வேறு. 7 மணிக்குக் கப்பலைக் கட்டினாலும் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் முறை வைத்துத்தான் இறங்குவார்கள். குடிவரவு பார்த்து, பெட்டி தேடி எடுத்து வெளியே வர 9, 9.30 ஆகிவிடும். அங்கிருந்து சியாட்டில் 230 கிலோமீற்றர். நடுவில் நாட்டு எல்லை. பஸ்ஸில் வரும் எல்லோரும் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். நாலு மணித்தியாலம் என்பது எல்லையில் கூட்டமில்லாத நாளின் கணக்கு. கோடைகால வார இறுதியில் அது கூடும். விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்திப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ரயிலும் உதவாது. காலை ரயில் நீங்கள் கப்பலில் காலைச் சாப்பாடு சாப்பிடும்போதே புறப்பட்டுவிடும். அடுத்தது மாலையில்தான். ஒன்றில் வான்கூவரில் இருந்தே பறக்க வேண்டும், அல்லது ஆறுதலாகப் பஸ்ஸில் போய் சியாட்டிலில் ஒரு இரவு தங்கி மறுநாள் பறக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. அலாஸ்காவில் இறங்கி, கனடாவுக்கு வந்து, மறுபடியும் அமெரிக்காவுக்குள் போகிறீர்கள். அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ரோம் என்று சொல்லித்தான் கப்பல் டிக்கெட் தந்தார்கள். இறங்கும் இடம் சிவிற்றாவெக்கியா என்று போட்டிருக்கிறது. அங்கிருந்து விமான நிலையத்துக்கு டாக்சி பிடிக்கலாமா? (ஏறாவூர்)

பிடிக்கலாம், காசு அதிகம். ரோமுக்குக் கடல் இல்லை. கப்பல்கள் கட்டும் சிவிற்றாவெக்கியா சுமார் 70, 80 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. துறைமுக வாசல்வரை துறைமுகத்து பஸ் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ரயில் நிலையம் கிட்ட. சாதாரண ரயிலில் ரோமுக்கு ஒரு மணித்தியாலம் அளவில், ஐந்து யூரோ மட்டில் முடிந்துவிடும். விமானம் பியூமிசினோ விமான நிலையத்தில் என்றால் ரோமின் பெரிய நிலையம்வரை போகவே தேவையில்லை. முந்தி வரும் திராஸ்தேவெரேயில் இறங்கி விமான நிலைய ரயிலுக்கு மாறுங்கள். கடதாசி டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் மேடையில் இருக்கும் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தும் தண்டம் கட்டுவீர்கள். நாலு பேருக்கு மேல், ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் மட்டும் வானை யோசியுங்கள்.

கப்பல் முடிந்த பிறகு போக எது நல்லது? பஸ்ஸா ரயிலா? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

எந்தத் துறைமுகம்? எந்த ஊருக்கு? என்ன திகதி? எத்தனை பேர், எத்தனை பெட்டி? ஒன்றும் இல்லாமல் "உடனே" என்று மட்டும் எழுதினால் யாரால் பதில் சொல்ல முடியும்? இந்த ஐந்தையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

அக்கா சுவிசில். இத்தாலியின் சவோனாவில் ஏறி, பார்சலோனா, தூனிஸ் எல்லாம் போய் மீண்டும் சவோனாவில் இறங்குகிறோம். அப்புறம் சூரிச்சுக்கு ரயிலில் போக எண்ணம். செங்கன் விசா இருக்கிறது. (ஆரையம்பதி)

ரயில் நல்ல தெரிவு. ஜெனோவா வழியாக மிலானுக்கு வாருங்கள். மிலானில் இருந்து சூரிச்சுக்கு நேர் ரயில் மூன்றரை மணித்தியாலம் அளவில். 2016இல் திறந்த 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கத்துக்குள்ளால் போகும். இந்த நாடு கடந்த ரயிலுக்கு ஆசனப்பதிவு கட்டாயம். மிலானில் மாறுவதற்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் விட்டுப் பதியுங்கள்.

என் பயம் ரயிலில் இல்லை தங்கச்சி, தூனிஸில் இருக்கிறது. செங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. தூனிசியா அதற்கு வெளியே. அங்கே கப்பல் போய்த் திரும்பினால் நீங்கள் செங்கனை விட்டுப் போய் மறுபடி நுழைகிறீர்கள். விசாவில் ஒரு தடவை என்று இருந்தால் அந்த ஒரு தடவை சவோனாவுக்கு வந்தபோதே முடிந்திருக்கும். இரண்டு தடவை, அல்லது பலமுறை என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். சுவிசும் செங்கனுக்குள் இருப்பதால் மற்றபடி தடையில்லை. எல்லை நிலையமான கியாசோவில் பொலிஸ் ரயிலுக்குள் ஏறிக் கடவுச்சீட்டுப் பார்ப்பது உண்டு, அதை மேல்பெட்டிக்குள் வைத்துவிட்டு இருக்காதீர்கள்.

அண்ணாவின் குடும்பம் லண்டனில் இருந்து வருகிறது. கப்பல் கொழும்பில் முடிகிறது. நாலு பேர். பின்னேரம் இறங்குவார்கள். இங்கிருந்து வான் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக வந்துவிட்டால் தங்கும் செலவு மிச்சம். டிரைவர் நல்ல பழக்கமானவர். எத்தனை மணிக்கு வெளிக்கிடலாம்? (களுவாஞ்சிக்குடி)

வெளிக்கிட வேண்டாம் என்பதுதான் பதில். இதை நான் எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். துறைமுகமாக இருந்தாலும் கட்டுநாயக்காவாக இருந்தாலும் நம் ஊரில் நடப்பது ஒன்றுதான்.

வான் விடியப்புறம் இங்கிருந்து வெளிக்கிடும். நாலு பேரை ஏற்றப் போகும் வானில் இங்கிருந்தே ஆறு பேர் ஏறுவார்கள். டிரைவர் முதல் நாள் முழுக்க வேறு ஹயர் ஓடியவர். கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், ஏழு எட்டு மணித்தியாலம். அங்கே அவருக்குப் படுக்க ஒரு கட்டில் கிடையாது. வெயிலில் வானுக்குள் சீற்றைச் சாய்த்துக்கொண்டு கிடப்பார். நீங்கள் துறைமுக வாசலில் நின்று படம் எடுத்து, பெட்டி அடுக்கி, கடையில் சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்கு "தம்பி, மெதுவாகப் போவோம்" என்பீர்கள். அவருடைய உடம்பு அப்போதே முடிந்துபோயிருக்கும். நல்ல டிரைவர், பழக்கமானவர் என்பதெல்லாம் விழித்திருக்கும் மனிதருக்குப் பொருந்தும். நித்திரைக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

பாதையையும் பாருங்கள். குருநாகல், தம்புள்ளைவரை வெளிச்சமும் வாகனமும் இருக்கும். ஹபரணை தாண்டினால் இருட்டு. மின்னேரியாவில் யானை. மன்னம்பிட்டி தாண்டி வெலிக்கந்தை, புணானை என்று நேர்ப்பாதை. வளைவும் இல்லை, ஏற்றமும் இல்லை. அந்த நேர்ப்பாதைதான் தாலாட்டுகிறது. யானையின் உடம்பில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பாது, முப்பது யார் தூரத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் ஒரு கறுப்புச் சுவர் நிற்பது தெரியும். 2025 பெப்ரவரி 20 விடியப்புறம் ஹபரணைப் பக்கம் எங்கள் மட்டக்களப்புப் பாதை ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் செத்தன. ரயிலுக்கே அந்தக் கதி என்றால் வான் எந்த மூலைக்கு?

பல வருடத்துக்கு முந்தி நானும் அப்படி ஒரு வானில் வந்தவன்தான். ஹபரணைத் தேத்தண்ணிக் கடையில் டிரைவர் இறங்கிப் போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். ஒரு வாய் வெற்றிலை போட்டார். யன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. புணானைக்கு இங்கால் எனக்குக் கண் முழிப்பு வந்தது சில்லுக்கடியில் கிறவல் அரைபடும் சத்தத்தில். வான் தாரை விட்டு இறங்கி, கிலோமீற்றர் கல் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பின் சீற்றில் என் தங்கையின் கைக்குழந்தை நித்திரை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வானில் டிரைவரோடு ஒருவர் மட்டும் போங்கள். அன்றிரவு கொழும்பிலோ குருநாகலிலோ தங்குங்கள். டிரைவருக்கும் ஒரு கட்டில் எடுங்கள், அவரைச் சாப்பிட வைத்துப் படுக்க விடுங்கள். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பகல் வெளிச்சத்திலேயே காட்டைக் கடந்து, பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குக் கல்லடிப் பாலம் தாண்டிவிடுவீர்கள். களுவாஞ்சிக்குடி அங்கிருந்து இன்னும் 30 கிலோமீற்றர்தானே. தங்கும் செலவு வான் ஹயரில் ஒரு பங்குகூட வராது.

அல்லது மட்டக்களப்புவரை ரயில். கொழும்புக் கோட்டை நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆசனம் 30 நாளைக்கு முன்பே பதியலாம். நேரங்கள் மாறிக்கொண்டிருப்பதால் நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பெரிய பெட்டிகளை மட்டும் வானில் அனுப்பிவிட்டு ஆட்கள் ரயிலில் வந்த குடும்பங்களும் உண்டு. நல்ல யோசனை அது.

நாங்கள் அம்பாறை நகரம். மேலே சொன்ன மாதிரி கொழும்பில் இறங்கினால் ரயிலில் வீடுவரை வரலாமா? (அம்பாறை)

முடியாது. பாதை மட்டக்களப்போடு முடிகிறது. அங்கிருந்து கல்முனை வழி பஸ், இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கண்டி, மகியங்கனை வழியாகப் போகும் நேர் பஸ்தான் வசதி. பகல் பஸ்.

சிங்கப்பூரில் கப்பல் முடிகிறது. அன்றைக்கே கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் போகலாமா? (அக்கரைப்பற்று)

போகலாம். 350 கிலோமீற்றர், ஐந்து ஆறு மணித்தியாலம். காலை பஸ் எடுக்க வேண்டாம், பகல் 1 மணிக்குப் பிறகு எடுங்கள். கப்பல் கரைக்கு வருவது வேறு என்று மேலே சொன்னது இங்கேயும்தான்.

இந்தப் பயணத்தில் இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேற ஒரு தரம், மலேசியாவுக்குள் நுழைய ஒரு தரம். இரண்டாவது இடத்தில் பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை முடித்து, படியிறங்கி பஸ்ஸைத் தேட வேண்டும். ஒரே நிறத்தில் பத்து பஸ் நிற்கும். இறங்குமுன் இலக்கத் தகட்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் காத்து நிற்க மாட்டார்கள். மலேசியாவுக்கான இணைய வருகை அட்டையைப் போவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு இலங்கையருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை என்பதை வைத்து மலேசியாவும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சவுதாம்டனில் இறங்கி லண்டன் ஹரோவுக்குப் போக வேண்டும். சக்கர நாற்காலி கப்பலில் தருவார்கள்தானே? (மட்டக்களப்பு, அரசடி)

கேட்டால் தருவார்கள், கேட்க வேண்டும். பயணத்துக்குச் சில வாரம் முந்தியே எழுதிப் பதிய வேண்டும். அந்த நாற்காலி துறைமுக வாசலோடு நின்றுவிடும். ரயிலுக்கு வேறாகப் பதிய வேண்டும். வாட்டர்லூவுக்கு ரயில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம், ஆனால் அங்கிருந்து ஹரோவுக்கு மறுபடி மாறி ஏற வேண்டும். அம்மாவின் காலை நினைத்தால் சொந்தக்காரர் ஒருவரைக் காரோடு வரச் சொல்வதுதான் என் யோசனை. இரண்டு மணித்தியால ஓட்டம். அவருக்கு 7 மணி என்று சொல்லாதீர்கள், 9.30 என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. இறங்குவதற்கு முதல் நாள் இரவே பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் கரையில்தான் அவற்றைக் காண்பீர்கள். அம்மாவின் பிறஷர் குளிசை, மறுநாள் உடுப்பு, கண்ணாடி, கடவுச்சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். குளிசை பெட்டியோடு போய், காலைக் குளிசை போடாமல் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்ற தாய்மாரை எனக்குத் தெரியும்.

சென்னையில் இருந்து வரும் கப்பல் திருகோணமலையிலும் நிற்கிறதாம். அங்கேயே இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாமா? (வாழைச்சேனை)

நினைத்தபடி முடியாது. இடைத்துறையில் பயணத்தை முடிக்கக் கப்பல்காரர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு குடிவரவிலும் ஒழுங்கு செய்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்குமுன் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் உங்களைப்போல் கொடுத்துவைத்தவர் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றத் துறைகளிலும் பாலம் வந்த பிறகு பாதைப்படகுக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை, பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம்.

நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறோம். மட்டக்களப்புக்கு அன்றிரவே பஸ் எடுக்கலாமா? (காத்தான்குடி)

கடலில் நாலு மணித்தியாலம் ஆடி வந்த உடம்போடு இன்னொரு 300 கிலோமீற்றருக்கு மேலா? யாழ்ப்பாணத்தில் தங்குங்கள். காலையில் வவுனியா, திருகோணமலை வழி பஸ் எடுத்தால் பின்னேரம் வந்துவிடலாம். ரயில் என்றால் மாகோவரை இறங்கிப் போய் மாற வேண்டும், வீண் சுற்று. மழைக்காலத்தில் அந்தக் கப்பல் சேவையை நிறுத்திவிடுவார்கள், அதனால் கார்த்திகை, மார்கழியில் திரும்பி வரும் திட்டம் போடாதீர்கள்.