மோரிஸ் மைனர் முன்பக்க வேலை: கேட்டதும் சொன்னதும்

1948 முதல் 1971 வரை தயாரான பிரிட்டிஷ் கார் என்றாலும், மோரிஸ் மைனரின் முன்பக்க அமைப்பு கடைசிவரை பெரிதாக மாறவில்லை. ஸ்பிரிங்காக முறுக்கேறும் நீளக் கம்பி (டார்ஷன் பார்), கை வைத்த அதிர்வுதாங்கி (லீவர் ஷாக்), ஸ்டியரிங் திருப்பலைப் பற்சட்டத்தால் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரேக். அதனால் எந்த வருட வண்டி வைத்திருப்பவருக்கும் இந்தப் பதில்கள் பொருந்தும்.

கே: ஸ்டியரிங் தளதளவென்று ஆடுகிறது. ரேக்கையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா சார்?

அவசரப்படாதீர்கள். மைனரில் ரேக் அவ்வளவு சீக்கிரம் போகாது. ரப்பர் பூட் கிழிந்து எண்ணெய் ஒழுகினால்தான் அதற்கு ஆபத்து. முதலில் ட்ரனியனைப் பாருங்கள்: சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டான கிங் பின்னை மேல், கீழ் ஆர்ம்களோடு இணைக்கும் துண்டு அது. கிங் பின்னின் மேல், கீழ் இரண்டு முனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில்தான் ட்ரனியன் ஏறி உட்கார்ந்திருக்கும்; சக்கரம் திரும்பும்போது கிங் பின் அதற்குள் சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் மரை தேயும். கீழ் மரை முழுக்கத் தேய்ந்துவிட்டால் கிங் பின் கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கி, வண்டி மூக்குக் குப்புற உட்காரும். பெரும்பாலும் வண்டியை நிறுத்த ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது நடக்கும். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சோதிக்கும் முறை: சக்கரத்தைத் தூக்கி, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது வீல் பேரிங் ஆட்டம் கணக்கில் வராது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்புறம் டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புங்கள். ட்ரனியனுக்கும் பின்னுக்கும் நடுவே அசைவு தெரிந்தால் அந்த ஜோடியை மாற்ற வேண்டியதுதான். மேலே ரப்பர் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்) இருப்பதால் அங்கே கொஞ்சம் நெகிழும். அதைத் தேய்மானம் என்று எண்ண வேண்டாம்.

கே: ட்ரனியனுக்கு கியர் ஆயில்தான் போட வேண்டும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

அவர் டிரையம்ப் ஹெரால்டு கார் வைத்திருப்பவராக இருக்கும். அதற்கு ஆயில் சரி. மைனருக்கு கிரீஸ். சக்கரம் தரையில் அழுத்தாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டே பம்ப் செய்யுங்கள். கறுப்பு கிரீஸ் போய்ப் புதுசு வெளியே வரவேண்டும். வராவிட்டால் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) அடைத்திருக்கிறது, மாற்றுங்கள்.

கே: நானே கழற்றலாமா அண்ணா? ஸ்பிரிங் எதுவும் இல்லையே, பயமில்லைதானே?

இருக்கிறது. டார்ஷன் பார் என்ற அந்த நீளக் கம்பிதான் ஸ்பிரிங், எப்போதும் முறுக்கேறியே கிடக்கும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை எடுத்த பிறகு, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்குங்கள். அதன் பிறகே மேல் ட்ரனியனைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள், முறுக்கு தளரும். ஜாக்கி இல்லாமல் மேல் போல்ட்டை எடுத்தால் ஆர்ம் படீரென்று கீழே அடிக்கும், கை அங்கே இருந்தால் விரல் போகும்.

எடுக்கும்போதே இடது, வலது என்று பெயின்ட்டில் குறித்துவிடுங்கள். பார் தன் பக்கத்து முறுக்குக்குப் பழகியது; மாற்றிப் போடக் கூடாது. ட்ரனியனும் அப்படித்தான்: ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை.

கே: டெலஸ்கோப்பிக் (குழாய் வடிவ) ஷாக் கிட் போட்டால் எல்லாம் சரியாகுமா?

ஆகாது. லீவர் ஷாக்கின் கைதான் மேல் ஆர்மும்கூட. பெரும்பாலான கிட்களில் பழைய ஷாக் அப்படியே மேல் இணைப்பாக நிற்கும். அதன் அச்சு தேய்ந்திருந்தால் கிட் போட்ட பின்னும் தேய்ந்ததுதான். நல்ல லீவர் ஷாக்கே போதும் என்பது என் கட்சி.

கே: புது ரப்பர் புஷ் சில மாதத்திலேயே கிழிந்துவிட்டது. மட்டமான சரக்கா?

இருக்கலாம். ஆனால் போல்ட்டை எப்போது இறுக்கினீர்கள்? சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் உட்கார்ந்த நிமிடமே ரப்பர் முறுகும். வண்டியை இறக்கி, நாலு முறை அமுக்கி உலுக்கிவிட்டு அப்புறம் இறுக்குங்கள்.

கே: கொழும்பில் பாகம் கிடைக்குமா?

விசாரியுங்கள். மைனர் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலம் உண்டு.

கே: கடைசியில் டோ-இன் எவ்வளவு?

3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மி.மீ. அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட இவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும். முதலில் இரண்டு பக்க உயரமும் சமமாக இருக்க வேண்டும். உயரத்தைப் பிறகு மாற்றினால் டோ-இன்னையும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.