அந்த விளக்கு புத்தகத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 37. சிங்கப்பூரின் ஈசூனில் கணவர், மகள், என் அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். உயர்நிலை இரண்டில் படித்தபோது, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருந்த பழைய செங்கல் கட்டட நூலகத்தில் ஓர் ஆங்கில நாவலை இரவல் பெற்றேன். பண்டைய மெசொப்பொத்தேமியாவின் சுமேரியப் புராணத்தைத் தழுவி இளையருக்காக எழுதப்பட்ட அந்தக் கதையில், ஒரு சிறுமி பாதாளத்தின் ஏழு வாயில்களையும் கடந்து இறங்குவாள். ஒவ்வொரு வாயிலிலும் தன் பொருள் ஒன்றைப் பறிகொடுப்பாள். அது 2003, சார்ஸ் தொற்றுநோய்க் காலம். மார்ச் இறுதியில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். தாதியான அம்மா, எங்களுக்குத் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகப் பல வாரங்கள் வேறிடத்தில் தங்கினார். அந்த நாள்களில் அப்புத்தகத்தை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

முதல் வாயிலுக்கு வெளியே, சிறுமியின் தாய் அகல்விளக்குடன் விடியும்வரை காத்திருக்கும் காட்சியைத்தான் என் மகளுக்கு இரவுதோறும் சொல்லி வந்தேன். சென்ற மாதம் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய பிரதி கிடைத்தது. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் முந்திக்கொண்டு படித்துவிட்டு, “விளக்கு வச்சிருக்கிற அம்மா வரவே இல்லையேம்மா” என்றாள். நானும் இருமுறை தேடினேன். தாய் இறந்துவிட்டதாக முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. கதையும் இப்போது வறண்டு தெரிகிறது. இத்தனை ஆண்டுகள் பொய்யா சொன்னேன்? என் நினைவு பிசகுகிறதா?

ஈசூன் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன வாசிப்பில் ஒரு காட்சி மாறியிருப்பது மறதிநோயின் அறிகுறி அன்று. அண்மையில் நடந்தவை அடிக்கடி மறந்து, அன்றாட வேலைகளும் தடுமாறினால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட், வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதை ஒன்றைக் கேம்பிரிட்ஜில் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, படித்தவர்கள் தமக்குப் பழக்கமில்லாதவற்றை விட்டுவிட்டோ பழகியவையாக மாற்றியோ எழுதினார்கள். கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாக மாறியது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சுமேரியக் கதைக்குள் அகல்விளக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சாமி மாடத்திலிருந்து வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

மூலப் புராணத்தில் காத்திருக்கும் பெண் ஒருத்தி உண்டு என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. பாதாளத்துக்கு இறங்கும் தேவி இனானா, தன் பணிப்பெண் நின்ஷுபுரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். மூன்று பகலும் மூன்று இரவும் கடந்தும் அவள் திரும்பாததால் நின்ஷுபுர் ஒவ்வொரு தெய்வமாக முறையிட, கடைசியில் என்கி மட்டுமே உதவுகிறார். நாவலாசிரியர் விட்டுவிட்ட அந்த இடத்தை நீங்கள் அறியாமலே நிரப்பியிருக்கிறீர்கள். ஆனால் ஓர் ஆளை மாற்றிவிட்டீர்கள். 2003இல் வாயில்களைக் கடந்து உள்ளே போனவர் உங்கள் அம்மா. வெளியே காத்திருந்தவர், பதினான்கு வயது நீங்கள். சிங்கப்பூரில் அப்போது நோயுற்ற 238 பேரில் மருத்துவப் பணியாளர்கள் பலர். இறந்தவர்கள் 33 பேர். அந்த அச்சத்தை நேராகப் பார்க்க முடியாத சிறுமி, இடத்தை மாற்றி, அம்மாவைப் பத்திரமாக வாசலில் நிறுத்திக்கொண்டாள் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கிறேன். உங்கள் காட்சியை எடுத்துவிட்டால் புத்தகம் வறண்டு தெரிவதில் என்ன வியப்பு?

அம்மாவுடன் அந்த வாரங்களைப் பற்றி நீங்கள் பேசியதாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. “ஏன் வரவில்லை” என்று கேட்காமல், இந்தப் புத்தகக் குழப்பத்தை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் பேச்சை மாற்றினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மகளிடம், அந்தக் காட்சியைச் சேர்த்தது நீங்கள்தான் என்று சொல்லிவிடலாம். ஏன் சேர்த்தீர்கள் என்று அவள் கட்டாயம் கேட்பாள். அப்போது பாட்டியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.