பழைய பாய்ப்படகும் குமரிக் கடலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையார் 1990-களில் கட்டுவித்த 22 அடி மரைன் பிளைவுட் வள்ளம், மேலே ஃபைபர் பூச்சுடன், எங்கள் தென்னந்தோப்பில் பல ஆண்டுகளாகக் கிடக்கிறது. மீன்பிடிப்புக்கு அல்லாமல், பாய் விரித்துக் கரையோரமாகப் பயணிப்பதற்காக அதைச் சீர்செய்ய விரும்புகிறேன். சுரண்டிப் பெயின்ட் அடித்துவிட்டுக் கடலில் இறக்கலாமா?
– வாசகர், கடியப்பட்டணம்

பதில்: பெயின்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் நம் மாவட்டக் கரையில் பரவத் தொடங்கிய மரைன் பிளைவுட் வள்ளங்கள், பலகைகளின் விளிம்புகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளின்மேல் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டிக் கட்டப்பட்டவை. அவற்றின் வலிமை முழுவதும் அந்த மூட்டுகளில்தான் இருக்கிறது. மூட்டுகளைப் பார்க்காமல் அடிக்கும் புதுப் பெயின்ட், அங்கே இருக்கும் கேட்டை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கவே உதவும்.

கடல்நீர்தான் மரத்தைக் கெடுக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அந்தப் பூஞ்சை தழைப்பது மழைநீரில். உப்புநீரில் நனையும் அடிப்பலகை பல ஆண்டுகள் தாங்கியிருக்க, மழைநீர் தேங்கிக் காற்றோட்டமில்லாமல் கிடந்த மூலை சில பருவங்களிலேயே மக்கிவிடுவதைக் காணலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், தோப்பில் மல்லாந்து கிடக்கும் படகு ஒன்று ஆண்டில் ஏழு மாதங்கள் நனைகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் வள்ளம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தால் நல்லது. நிமிர்ந்து கிடந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

முதலில் அணியம் எனும் முன்முனையின் உட்புற மூலை, பின்முனையில் உள்ள அமரப் பலகையின் அடிப்பகுதி, வங்குகள் எனும் விலாச் சட்டங்கள் பலகையைத் தொடும் இடங்கள், பாய்மரத்தின் அடி பொருந்தும் கட்டை, இருக்கைகளுக்கு அடியில் உள்ள மூடிய அறைகள் ஆகியவற்றைப் பாருங்கள். சிறு சுத்தியலால் ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். உள்ளே ஈரம் கோத்த பலகையும், ஃபைபர் பூச்சு விட்டுப்போன பலகையும் மங்கலாக ஒலிக்கும். ஒலி மாறுகிற இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, கூர்மையான கம்பியால் அழுத்திப் பாருங்கள். கம்பி எளிதில் இறங்கினால், அந்த இடத்திலிருந்து நல்ல மரம் தென்படும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மக்கிய மரத்தின்மேல் ரெசினை ஊற்றிக் கெட்டிப்படுத்தலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வெட்டி ஒட்டுவதற்குமுன் படகு உலர வேண்டும், இதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கூரையின்கீழ், காற்று நான்கு பக்கமும் போய்வரும்படி உயர்த்தி வைத்து, சனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த மாதங்களை அதற்கென்றே ஒதுக்குங்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிய, பெயின்ட் நீக்கிய இடத்தில் ஒரு துண்டு பாலித்தீன் தாளை வைத்து, ஓரங்களை நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் பூத்திருந்தால் பலகைக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஒட்டுவதற்கு எப்பாக்ஸி ரெசினையே பயன்படுத்துங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் புதிய ஃபைபர் படகை வார்ப்பதற்கு ஏற்றது. பழைய மரத்தின்மேல் அதன் பிடிப்பு போதாது, சில ஆண்டுகளில் பொருக்காக உரிந்து, அந்த இடைவெளியில் நீர் புகுந்து, முன்னிருந்ததைவிட மோசமான நிலைக்குக் கொண்டுவந்துவிடும். நம் முன்னோர் மரவள்ளங்களுக்குப் பூசிய மீன் எண்ணெயும் முந்திரித் தோட்டெண்ணெயும் அந்த வள்ளங்களுக்கு மிகச் சிறந்தவை. உங்கள் பிளைவுட் வள்ளத்துக்கு அவற்றைப் பூசிவிட்டால் எப்பாக்ஸியோ பெயின்டோ அதன்பின் ஒட்டாது.

கேள்வி: அயனிப் பலகையால் கட்டிய எங்கள் பழைய வள்ளத்தை ஓராண்டுக்குப்பின் நீரில் இறக்கினோம். பலகை இடுக்குகள் வழியே நீர் கொட்டுகிறது. கரையேற்றி, இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் கலப்பத்து வேலை செய்ய வேண்டுமா?
– வாசகர், இனயம்

பதில்: பொறுங்கள். ஓராண்டு வெயிலில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கிறது. நீரில் இருந்தால் ஓரிரு நாட்களில் ஊதி, இடுக்குகள் தாமாகவே நெருங்கும். காய்ந்த நிலையில் விரிந்து தெரியும் இடுக்குகளில் பஞ்சை இறுக்கி அடித்துவிட்டால், பிறகு பலகை ஊதும்போது போக இடமில்லாமல் ஆணிகளையும் வங்குகளையும் நெம்பிவிடும். அலையில்லாத இடத்தில் கட்டி, இரவும் பகலும் ஆள் வைத்து இறைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாட்கள் பாருங்கள். அதன்பிறகும் குறையாமல் நீர் வரும் இடம் எதுவோ, அதுவே கலப்பத்து வேண்டிய இடம். ஆணிகளின் தலையைச் சுற்றிக் கருமை படர்ந்திருந்தால் இரும்பாணி துருப்பிடித்து மரத்தையும் அரித்திருக்கிறது. அங்கே செப்பாணிக்கு மாறுவது பற்றி நல்ல தச்சரிடம் பேசுங்கள்.

கேள்வி: வெளியூரிலிருந்து வாங்கிய பழைய ஃபைபர் பாய்ப்படகின் பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகள் பளபளப்பாகவே உள்ளன. அவற்றை மாற்ற வேண்டும் என்கிறார்கள். பாயும் பழையது. எதற்கு முதலில் செலவு செய்வது?
– வாசகி, தக்கலை

பதில்: கம்பிக்குத்தான், அதிலும் கம்பியின் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். துருப்பிடிக்காத எஃகு காற்றுப் படும் இடத்தில் துருப்பிடிப்பதில்லை. உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் அது மௌனமாக அரிக்கப்படுகிறது. கம்பியின் நுனி குழாய்க்குள் நுழையும் இடத்தையும், கம்பியைப் படகோடு இணைக்கும் பட்டைகள் தளத்துக்குள் மறையும் இடத்தையும் பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். பழுப்பு நிறக் கசிவோ, மயிரிழை விரிசலோ, அறுந்த ஒரே ஓர் இழையோ தெரிந்தால் அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்துவிட்டது. வெப்பமான கடலில், பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் கடந்த கம்பிகளை, எப்போது மாற்றினார்கள் என்ற விவரம் கிடைக்காதபோது, மாற்றிவிடுவதே அறிவுடைமை. பாய் கிழிந்தால் வேகம் குறையும். கம்பி அறுந்தால் பாய்மரமே ஆட்களின்மேல் விழும்.

பாயைப் பொறுத்தவரை, துணியைவிட முன்னதாகத் தையல் நூல்தான் வெயிலில் இற்றுப்போகிறது. தையலை நகத்தால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். நூல் உதிர்ந்து துணி உறுதியாக இருந்தால், தடித்த பாலியஸ்டர் நூலால் மறுதையல் போட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். துணியே விரலால் கிழிகிறது என்றால் தைப்பது வீண். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வெயில் படாமல் சுருட்டி வையுங்கள்.

கேள்வி: குளச்சலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பாய் விரித்தே போய்வர விரும்புகிறோம். 20 அடி படகு, நான்கு பேர், சிறிய வெளிப்பொருத்து இயந்திரம் ஒன்றும் உண்டு. எந்த மாதம், எந்த நேரம் ஏற்றது?
– நண்பர்கள் சிலர், குளச்சல்

பதில்: முட்டம் முனையைச் சுற்றிக் கொண்டு போக வேண்டியிருப்பதால் ஏறத்தாழ 20 கடல் மைல் என்று கணக்கிடுங்கள். உங்கள் படகின் அளவுக்கு மணிக்கு மூன்று நான்கு கடல் மைல் வேகம் கிடைத்தாலே நல்ல காற்று. ஆகவே ஐந்து முதல் ஏழு மணி நேரப் பயணம். ஏற்ற காலம் சனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. சூன் தொடங்கிவிட்டால் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் பேரலையும் மேற்குக் கரையை நேராக அடிக்கின்றன. அந்த மாதங்களில் இந்தப் பயணத்தை எண்ணவே வேண்டாம்.

இயந்திரம் வராத காலத்தில் நம் கட்டுமரக்காரர்கள் கரைக்காற்றில் வெளியே போய்க் கடல்காற்றில் திரும்பினார்கள். அதே ஒழுங்கை நீங்களும் பின்பற்றலாம். நம் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. விடியலுக்குமுன் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்று உங்கள் இடப்பக்க விலாவில் வந்து படும்; பாய்க்கு அதைவிட வசதியான காற்று இல்லை. காலை ஒன்பது பத்து மணிக்கு அது ஓய்ந்து, சற்று நேரம் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடக்கும். நண்பகலுக்குப் பின் மேற்கிலிருந்து எழும் கடல்காற்று உங்களைப் பின்னாலிருந்து முனையை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்.

போவது எளிது. ஆனால் அதே காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மரபான பாயும் ஆழமில்லாத அடியும் உள்ள படகு காற்றுக்கு எதிராக ஏறுவதில் மிகவும் பின்தங்கியது. குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஓடி, 20 மைல் 40 மைலாகிவிடும். அன்றே திரும்பும் திட்டம் வேண்டாம். முனையைத் தாண்டிக் கிழக்கே இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்தில் தங்க முன்கூட்டியே அனுமதி கேட்டு, மறுநாள் விடியற்காலைக் கரைக்காற்றில் புறப்படுங்கள்.

முனையை நெருங்கும்போது ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். வடகிழக்குப் பருவத்திலும் அதன் வால்மாதங்களிலும் மன்னார் வளைகுடாவிலிருந்து வரும் வாடை, குமரி முனைப் பகுதியில் வேகம் கூடி வீசுவது வழக்கம். மணக்குடி வரை மலையின் மறைவில் அமைதியாக வந்த படகு, முனை திறந்தவுடன் எதிர்பாராத காற்றையும் குறுக்கலையையும் சந்திக்கும். முனைக்குச் சற்று மேற்கே உள்ள கோவளத்தைக் கடக்கும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள். காற்று வந்தபின் சுருக்குவது நான்கு பேர் உள்ள சிறு படகில் கடினம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் கரைக்கும் இடையே புகுந்து போக வேண்டாம். நீருக்கு மேலும் அடியிலும் பாறைகள் நிறைந்த இடம் அது. சுற்றுலாப் படகுகள் ஓடும் வழி. 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் இரு பாறைகளுக்கும் இடையே நிற்கிறது. தெற்கே நன்றாக விலகிச் சுற்றுங்கள்.

முட்டம், கடியப்பட்டணம் கரைகளிலும் பாறைகள் உண்டு. ஜிபிஎஸ் கருவி இருந்தாலும், அந்தந்த ஊரின் மூத்த மீனவர் ஒருவரிடம் கணியம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மலையுச்சியும் எந்தக் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வரும்போது பாறை எங்கே கிடக்கும் என்பதை அவர்கள் தலைமுறைகளாகக் காத்து வைத்திருக்கிறார்கள். இந்த அறிவு நம் காலத்தோடு மறைந்துவிடக் கூடாது என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் எங்களைப் போன்றவர்களுக்கும் பொருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தடை மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கானது. நம் மாவட்டத்தில் இரண்டு காலங்கள் உள்ளன: கன்னியாகுமரிக்குக் கிழக்கே ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, மேற்கே நீரோடி வரை சூன் 1 முதல் சூலை 31 வரை. ஆனாலும் எந்தப் பாய்ப்படகையும் கடலில் இறக்குமுன், மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் தெரிவித்து, அடையாள அட்டைகளுடன் செல்லுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் அருகில் இருப்பதால் கிழக்கே நீளும் பயணங்களுக்கு இது இன்னும் அவசியம்.

கேள்வி: காற்றே இல்லாத நாளில், வானமும் தெளிவாக இருக்கும்போது, துறைமுக வாயிலில் படகு கவிழ்ந்ததாகக் கேள்விப்படுகிறோம். இது எப்படி? பாய்ப்படகில் செல்வோர் எவ்வாறு காத்துக்கொள்வது?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: உங்கள் ஊர்க்காரர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். தென் இந்தியப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்றில் எழும் நீண்ட அலைகள், சில நாட்கள் பயணித்து நம் கரையை அடைகின்றன. இதுவே கள்ளக்கடல், ஏப்ரல், மே மாதங்களில் மிகுதி. ஆழ்கடலில் படகு மெல்ல ஏறி இறங்குவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் அதே அலை நிமிர்ந்து எழுந்து உடைகிறது. ஆறு கடலில் சேரும் இடங்களிலும், மணல் மேடிட்ட துறைமுக வாயில்களிலும் ஆழம் குறைவு என்பதால், ஆபத்து அங்கேதான் குவிகிறது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் அருகே கடற்கரையில் நின்ற ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரை இத்தகைய அலைகள் பறித்தன.

ஐதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முந்தைய மாலையும் புறப்படும் காலையும் அதைப் பாருங்கள். திரும்பி வரும்போது வாயிலுக்கு வெளியே நின்று, குறைந்தது கால் மணி நேரம் அலைகளைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பின் சற்று ஓயும். பாயை இறக்கிக் கட்டிவிட்டு, இயந்திரத்தை முன்பே ஓடவிட்டு, அந்த ஓய்வில் நுழையுங்கள். அலை குறுக்கே முழுவதும் உடைந்துகொண்டிருந்தால் நுழையாதீர்கள். வேறு துறைமுகத்துக்குப் போகவோ, ஆழமான இடத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கவோ தேவையான எரிபொருளும் குடிநீரும் எப்போதும் படகில் இருக்க வேண்டும். நங்கூரக் கயிறு நைலானாக, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளமாக, நுனியில் சில மீட்டர் சங்கிலியுடன் இருக்கட்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சென்று சேரவில்லை. அந்தத் துயரத்துக்குப் பின்னும் கைப்பேசியை மட்டும் நம்பிச் செல்வோர் இருக்கிறார்கள்; கரையிலிருந்து சிறிது தொலைவு போனாலே அதன் சமிக்ஞை கிடைக்காமல் போகலாம். நீர் புகாத விஎச்எஃப் கருவி (கம்பியில்லாப் பேச்சுக் கருவி) ஒன்று வாங்கி, 16-ஆம் அலைவரிசையைத் திறந்தே வைத்திருங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் குழுமத்தின் 1093 ஆகிய இரண்டு எண்களையும் படகின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். உயிர்காப்புச் சட்டையை வாயிலை நெருங்கும்போது தேடி எடுக்காமல், கரையில் இருக்கும்போதே எல்லோரும் அணிந்துகொண்டு புறப்படுங்கள். எந்த நேரத்துக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடமும் துறையில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.