சைக்கிள் ஓட்டுபவர் 'கணிக்கும்படி ஓட்ட வேண்டும்' என்று சொல்வதன் பொருள் என்ன?

அடுத்த சில நொடிகளில் நீங்கள் எந்தப் பக்கம் செல்வீர்கள் என்பதைப் பின்னால் வருபவர் பார்த்த மாத்திரத்தில் ஊகிக்கும்படி ஓட்டுவதே இதன் பொருள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளையும் வாகனம் என்றே வரையறுக்கிறது. எனவே சிவப்பு விளக்கு அதற்கும் சேர்த்துத்தான்.

இப்படிக் கணிக்கும்படி ஓட்டுவது ஏன் அவசியம் என்பதற்கான காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம். நெரிசலான படிக்கட்டில் முன்னால் இறங்குபவர் திடீரெனத் திரும்பினால் பின்னால் வருபவர் மோதிக்கொள்வதைப் போன்றதுதான், சைக்கிள் எச்சரிக்கையின்றி வளைவதும். ஆகவே திரும்பும் முன் தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்த்து, கையை நன்றாக நீட்டிக் காட்டி, வழி இருந்தால் மட்டுமே விலக வேண்டும். (மணியை மட்டும் நம்ப வேண்டாம், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது பெரும்பாலும் கேட்காது.)

ஓரத்தை ஒட்டிச் செல்வதே எப்போதும் பாதுகாப்பு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீளும் என்பதால், அந்த இடைவெளியை விட்டு நேர்கோட்டில் செல்வதே சரி.