மாதுளை கொடுத்தும் ரத்தம் ஊறவில்லையே!

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஹீமோகுளோபின் 10.2 இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் மாதுளையும் பீட்ரூட் ஜூஸும் கொடுத்தும் 10.4-தான் ஆகியிருக்கிறது. காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். அதோடு வேன் ஏறிவிடுவாள். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று தூக்கிப் போடுகிறாள். வேறு என்ன கொடுக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்காது, அம்மா. 100 கிராம் மாதுளை முத்தில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடத் தேறாது. பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்குத் தினம் 30 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை.

இந்த வயதில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் போனாலே ரத்தசோகைதான். 10.4-ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது. வாரம் ஒரு நீல மாத்திரை, ரத்தசோகை வராமல் தடுக்கத் தருவது. வந்த பிறகு தினசரி மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் 7 நாளைத் தாண்டுகிறதா, பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்பதையும் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டல் அதிகம். சாப்பிட்ட பிறகு போடட்டும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். பால், டீ, கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளியே.

காலை டீதான் பெரிய கெடுதல். அதிலுள்ள டானின், உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீயை மாலைக்கு மாற்றுங்கள். அப்போதும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் இரண்டு இட்லியும் ஓர் அவித்த முட்டையும் போதும், ஐந்து நிமிட வேலை.

இடைவேளை டப்பாவுக்கு முளைகட்டிய பச்சைப்பயறு சுண்டல் வையுங்கள். ஒரு கைப்பிடிப் பயற்றைக் காலையில் ஊறப்போட்டு, மாலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால் விடிவதற்குள் முளை எட்டிப் பார்க்கும். முளைகட்டும்போது இரும்பைத் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. தாளித்து இறக்கி, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். செடியிலிருந்து வரும் இரும்பு உடம்பில் சேர அதுதான் துணை. அரைக் கொய்யா கூட இருந்தால் இன்னும் நல்லது. அசைவம் உண்டென்றால் வாரம் ஒருநாள் 50 கிராம் ஆட்டு ஈரல் கொடுங்கள். அதன் இரும்பு எளிதில் சேரும்.

கேள்வி: மகனுக்கு 17 வயது. ஜிம்முக்குப் போகிறான், புரோட்டீன் பவுடர் கேட்கிறான். வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். அவனுக்குத் தேவை தினம் சுமார் 55 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் பருப்பில் 11, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. மீதியைச் சோறும் இட்லியுமே கொடுத்துவிடும். பயிற்சி கடுமையாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதற்கு இன்னொரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும். பவுடர் டப்பாவின் விலையில் ஒரு மாத முட்டையே வாங்கிவிடலாம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜிம்முக்கு ஓடுகிறானா என்று மட்டும் பாருங்கள். போகுமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் முழுச் சாப்பாடு.